கை வீசவில்லை, கால் வீசுகிறது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



"கோல்ஃப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று செயலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "சார், நம்ம காம்பவுண்டுல வண்டி நிறுத்தவே இடமில்லை, இதில் கோல்ஃப் எங்கே ஆடுவது?" என்றார். நியாயமான கேள்விதான். நான் உங்களைக் கோல்ஃப் ஆடச் சொல்ல வரவில்லை. போன மாதத்தில் மட்டும் நம் ஷட்டில் கோர்ட்டில் ஆடுகிறவர்களில் மூன்று பேர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. மாவாட்டும் குடத்தைத் தூக்கித் திருப்பும்போது முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.

எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். உங்களில் பலருக்கு அந்த ஊர் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் விருத்தாசலம், இன்னொரு பக்கம் நெய்வேலி. எங்கள் வீட்டில் நெல்லும் கரும்பும் உண்டு. அறுவடைக் காலத்தில் அம்மா களத்தில் நின்று கதிர் அடிப்பார். கதிர்க்கட்டைக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, எதிரே கிடக்கும் கல்லில் ஓர் அடி. நெல் மழை மாதிரி உதிரும். பக்கத்தில் நின்று நானும் அடிப்பேன். எனக்குப் பதினைந்து வயது, அம்மாவைவிட உயரம், கையில் பலமும் அதிகம். ஆனால் என் கட்டில் பாதி நெல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதை வாங்கி மறுபடி ஒருமுறை அடித்துவிட்டுத்தான் போடுவார்.

முப்பது வருடம் கழித்து, சென்னையில் வேலை பார்க்கும்போது, அலுவலக நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனார்கள். அசையாமல் கிடக்கிற பந்தை அடிப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். என் பலம் முழுவதையும் கையில் கொண்டுவந்து ஓங்கி அடித்தேன். பந்து பத்தடி உருண்டது. சொல்லித்தர நின்றவர் "இன்னும் ஃபோர்ஸ் போடுங்க சார்" என்றார். போட்டேன். ஏழாவது அடியில் இடுப்புக்கு மேலே ஏதோ பிடுங்கிக்கொண்டது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன்.

என்னைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். படுத்தபடியே கையால் வீசிக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இடுப்பு போவாம கையை மட்டும் வீசுனா கதிர் உதிராதுடா, தோளுதான் உதிரும். அப்பவே சொன்னேன், கேட்டியா?"

அவர் அப்போது சொன்னது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் கோல்ஃப் வீச்சைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்த அத்தனையும் அம்மா சொன்ன அந்த ஒற்றை வரிக்கு விளக்கமாகத்தான் இருந்தது.

கையால் முடியாத கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம் இருக்கலாம். தூரமாக அடிக்கப் பயன்படும் மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். அதன் தலை சுமார் 200 கிராம். ஒரு சுமாரான ஆட்டக்காரர் வீசும்போது அந்தத் தலை நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைத் தொடும். அந்த வேகத்தில் அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் 160 ஜூல். மேலிருந்து பந்தை நோக்கி இறங்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய கால் நொடி. 160-ஐக் கால் நொடியால் வகுத்தால் 640 வாட் வருகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். கிணற்று மோட்டார் ஒன்று கொடுக்கும் திறனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இது மட்டையின் தலைக்கு மட்டும்தான். கை, தோள், உடம்பு இவற்றையும் சுழற்றியாக வேண்டும் என்று சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இவ்வளவு திறனைக் கால் நொடியில் கைத்தசையிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. கை அவ்வளவு பெரிய இயந்திரம் இல்லை. நம் உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன. ஆகவே சக்தி அங்கிருந்துதான் வந்தாக வேண்டும். கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய்.

அப்படியானால் எந்தெந்த விசைகள் சேர்ந்து அந்த வேகத்தைத் தருகின்றன? ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறேன்.

ஒன்று: தரை தரும் விசை

நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நாம் தரையை அழுத்தினால் தரை நம்மை அதே அளவு திருப்பி அழுத்தும். கோல்ஃப் வீச்சில் இது மூன்று விதமாக நடக்கிறது. வலது கைக்காரரை எடுத்துக்கொள்வோம். மட்டை பின்னால் போகும்போது எடை வலது காலில் இருக்கும். இறங்கத் தொடங்குமுன்பே எடை இடது காலுக்கு மாறும். இது பக்கவாட்டுத் தள்ளல். அடுத்து இரண்டு பாதங்களும் தரையை எதிரெதிர்த் திசையில் தள்ளும். அதனால் இடுப்பு சுழலும். இறுகிய ஜாடி மூடியைத் திறக்கும்போது இரண்டு விரல்கள் எதிரெதிராகத் தள்ளுகின்றன அல்லவா, அது போல. மூன்றாவதாக, பந்தைத் தொடுமுன் இடது கால் நிமிர்ந்து தரையை ஓங்கி அழுத்தும். நல்ல ஆட்டக்காரர் அந்த நேரத்தில் எடைமேடை மேல் நின்றிருந்தால், அது அவருடைய உடல் எடையைவிட அதிகம் காட்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கோல்ஃப் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு டென்னிஸ் பந்தை எறிந்து பாருங்கள். பிறகு நின்று, ஒரு அடி முன்னால் வைத்து எறியுங்கள். வித்தியாசம் தெரியும். கை அதே கைதான். முதலில் தரை உதவவில்லை, இரண்டாவதில் உதவியது. சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார் குச்சியைக் கையில் தருமுன் காலடி வரிசையைப் பழக்குவதும் இதற்காகத்தான்.

இரண்டு: முறுக்கு

இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்கும்போது தோள் இன்னும் பின்னாலேயே இருக்கும். அந்தக் கண நேரத்தில் நடுவில் உள்ள தசைகள் ரப்பர் பட்டை மாதிரி இழுபடும். இழுபட்ட தசை உடனே சுருங்கினால் சாதாரணமாகச் சுருங்குவதைவிட அதிக விசை தரும். குதிக்குமுன் லேசாக முழங்காலை மடக்குகிறோமே, அதுவும் இதே சூத்திரம்தான்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன், நீங்களும் கவனிக்க வேண்டும். கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகள் குனிந்து நிமிர்வதற்காக அமைந்தவை. அவை திரும்புவதற்கு அமையவில்லை. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கம் ஏறக்குறைய பத்துப் பாகைதான் திரும்பும். மீதித் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தும் மார்புப் பகுதி முதுகிலிருந்தும் வர வேண்டும். பாதத்தைச் சிமெண்டில் ஊன்றியது போல வைத்துக்கொண்டு, இடுப்பைப் பூட்டிவிட்டு, மேலுடம்பை மட்டும் முறுக்கினால் முழு முறுக்கும் அந்தப் பத்துப் பாகை மேல் வந்து விழும். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடம் கீழ்முதுகு என்பதில் ஆச்சரியம் இல்லை. தரையில் இருக்கிற தண்ணீர் கேனைக் காலை நகர்த்தாமல் திரும்பி எடுக்கிறவருக்கும் இதேதான் நடக்கிறது.

மூன்று: புவியீர்ப்பு

உலக்கை குத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏற்றுவதுதான் நம் வேலை, இறங்குவதை அது பார்த்துக்கொள்ளும். கோல்ஃபில் புவியீர்ப்பின் பங்கு அவ்வளவு பெரிதில்லை. 200 கிராம் தலை இரண்டு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 4 ஜூல்தான். நமக்குத் தேவை 160. ஆனால் இரண்டு கைகளும் சேர்ந்து ஆறேழு கிலோ இருக்கும். அவை தாமாக விழ விட்டால் அதுவும் நாற்பது ஐம்பது ஜூல் வரை தரும். அதைவிட முக்கியம், கையை விறைப்பாக வைத்திருப்பவருக்கு இந்த இலவசச் சரக்கு கிடைக்காது என்பது. விறைப்பு என்றால் எதிரெதிர்த் தசைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்று அர்த்தம். ஒரே வண்டியை இரண்டு பக்கமும் மாடு பூட்டி இழுப்பது போல.

நான்கு: நெம்பு

கை ஒரு கோல், மட்டை இன்னொரு கோல், நடுவே மணிக்கட்டு ஒரு கீல். 1968-இல் பிரிட்டனில் அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்ற இருவர் கோல்ஃப் வீச்சை அறிவியல் முறையில் ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். முழு வீச்சையும் அவர்கள் இரட்டை ஊசலாக விளக்கினார்கள். ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசல் தொங்குகிறது. மேலூசல் வேகமாக வந்து மட்டுப்படும்போது, அதன் வேகம் கீழூசலுக்குப் போகிறது.

மாட்டுச் சாட்டை வீசுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடி நிற்கும்போதுதான் நுனி சொடுக்கும். நல்ல கோல்ஃப் வீச்சிலும் இதே வரிசைதான்: முதலில் இடுப்பு வேகமெடுத்து மட்டுப்படும், பிறகு மார்பு, பிறகு கை, கடைசியில் மட்டை. ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ளதை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது. என் தவறு, நான் வரிசையைத் தலைகீழாக்கினேன். கை முதலில் ஓடிவிட்டது. இடுப்பு பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது.

ஐந்து: மையநோக்கு விசை

சுழலும் பொருளை வட்டத்திலேயே வைத்திருக்க உள்நோக்கி இழுத்தாக வேண்டும். கிளி விரட்டக் கவண் சுற்றியவர்களுக்கு அந்த இழுப்பு விரலில் தெரியும். கோல்ஃபில் 200 கிராம் தலை, நொடிக்கு 40 மீட்டர் வேகம், வட்டத்தின் ஆரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 213 நியூட்டன் வருகிறது. சுமார் 22 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். அரிசி மூட்டையில் ஓர் அளவு 25 கிலோ. கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டை உங்களைப் பந்தின் பக்கம் இழுக்கிறது, நீங்கள் பின்னால் சாய்ந்து அதைப் பிடித்திருக்கிறீர்கள். அதைப் பிடிப்பது விரல் இல்லை, முதுகும் காலும்தான். மணிக்கட்டை மடங்கிய நிலையிலிருந்து விரிப்பதும் பெரும்பாலும் இந்தச் சுழற்சியே. நாம் வேண்டுமென்று மணிக்கட்டைச் சொடுக்கினால் நேரத்துக்கு முன்பே விரிந்து, வேகம் காற்றில் போய்விடும்.

அடித்த பிறகு கைக்கு வேலை இல்லை

இன்னொரு விஷயம். மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, விரிந்து, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்பிவிடும். அந்தக் கணத்தில் அதன்மேல் விழும் சராசரி விசை அரை டன் எடைக்குச் சமம். அந்த அதிர்வு தண்டு வழியாகக் கைக்கு வந்து சேருமுன்பே பந்து போய்விட்டது. ஆகவே தொடும் நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவது பந்துக்குத் தெரியாது. முழங்கைக்குத்தான் தெரியும். ஷட்டிலில் ஸ்மாஷ் அடிப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

தலைகீழாகப் பிடித்தவர்

இவ்வளவு சொல்லிவிட்டு, "இப்படித்தான் பிடிக்க வேண்டும், இப்படித்தான் நிற்க வேண்டும்" என்று முடித்தால் தப்பாகிவிடும். அதற்கு ஒருவரைச் சொல்கிறேன்.

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்த இந்திய வம்சாவளியில் டர்பனில் பிறந்தவர் பப்வா சேவகோலம். கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை செய்தவர். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வலது கைக்காரர் வழக்கமாக இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார். பப்வா மாற்றிப் பிடித்தார். பாடப்புத்தகப்படி அது தப்பு. ஆனால் அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டம் வென்றார். 1963-இல் நெட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்ற நிறவெறிக் காலம் அது. கோப்பையை வெளியே, மழையில் நின்று வாங்கிக்கொண்டார். 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே வென்றார்.

கை எப்படிப் பிடித்தது என்று பந்து கேட்கவில்லை. மட்டையின் தலை என்ன வேகத்தில், எந்தத் திசையில் வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். கால், இடுப்பு, தோள், கை என்ற வரிசை சரியாக இருந்தால் பிடியில் உள்ள வித்தியாசத்தை உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

வேகம்தான் எல்லாமே என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்தார். அங்கே ஆடியவர்களில் பந்தைக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். குழிக்குப் பக்கத்தில் வந்தபின் அவர் காட்டிய நிதானம்தான் அவரைப் பதக்கத்துக்கு ஒரு படி அருகில் கொண்டுவந்தது.

வீட்டில் செய்து பார்க்க

மூன்று எளிய பயிற்சிகள் சொல்கிறேன். ஏற்கெனவே முதுகுவலியோ தோள்வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதலாவது: ஒரு துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு, மறுநுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசுங்கள். கை முந்தினால் துண்டு துவண்டுவிடும். கால் மாறி, இடுப்பு திரும்பி, கை பின்தொடர்ந்தால் துண்டு நேராக நீளும். துண்டு பொய் சொல்லாது.

இரண்டாவது: ஒட்டடைக் குச்சியை மாற்றிப் பிடித்து, கனமான பக்கம் கையில் இருக்கும்படி மெதுவாக வீசுங்கள். 'விஷ்' என்ற சத்தம் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டால் சக்தியை முன்பே செலவழித்துவிட்டீர்கள். பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்டால் சரி.

மூன்றாவது: திரும்பி எதை எடுத்தாலும் முதலில் பாதத்தைத் திருப்புங்கள். இது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. சிலிண்டர், தண்ணீர் கேன், பேரக்குழந்தை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஷட்டில் கோர்ட்டை இப்போது மாலை ஆறு மணிக்குத் திறக்கிறோம். பத்து நிமிடம் முன்பே திறந்தால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆடலாம். நேராக லிஃப்டிலிருந்து இறங்கி முதல் பந்திலேயே ஸ்மாஷ் அடிப்பதுதான் பாதி வலிக்குக் காரணம். இன்னொன்று, வண்டி நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை வீசுகிறார்கள். நான் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். நல்ல வீச்சின் நுனியில் இருப்பது சாதாரண வேகம் இல்லை. வீசுகிறவருக்குப் பின்னால் நிற்கும் சின்னக் குழந்தை அதற்குத் தெரியாது. வீச்சு விளையாட்டெல்லாம் மைதானப் பக்கம் மட்டும் என்று நாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. களத்து வேலை உடம்புக்கு நல்லது, பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் முழங்கால் தேய்ந்தது அந்த வேலையில்தான். கதிரடிக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டதும் அவர்தான். ஆனால் ஐம்பது கிலோகூட இல்லாத ஒரு பெண், நாள் முழுக்க, தன்னைவிடப் பலசாலியான மகன் அடித்ததைவிட நன்றாக அடித்தார் என்றால், அவருக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நாங்கள் அதை 'பழக்கம்' என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம். நான் அதைத் தெரிந்துகொள்ள ஒரு முதுகும் மூன்று வாரமும் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் "நீ சொன்னது சரிம்மா" என்று சொன்னபோது, "இதுக்கா இத்தன புஸ்தகம் படிச்ச?" என்றார். அவர் இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் மாவரைத்த, துணி துவைத்த, கரும்பு வெட்டிய, கிணறு இறைத்த ஒருவர் இருப்பார். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் ஒட்டடைக் குச்சியைக் கொடுத்து, "எப்படி வீசுவீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் கையைப் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள்.